நாங்கள்தான் அந்த நோர்வேக்காரர்

என் கணவருக்கு விவசாயி ஆக வேண்டும் என்ற ஆசை ஒரு பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. வயலிலிருந்து வரவில்லை. வயலை அவர் அதுவரை பஸ் யன்னலூடாகத்தான் பார்த்திருந்தார்.

நோர்வேயின் வட கோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். அவர் எண்பதுகளின் கடைசியில் அங்கே போனவர். நான் சில வருடங்கள் கழித்து, கழுத்தில் புதுத் தாலியும் உடம்பில் அந்தக் குளிருக்குச் சற்றும் போதாத ஒரு கம்பளிச் சட்டையுமாகப் போய் இறங்கினேன். பகலில் மீன் வெட்டுவது, வேலை முடிந்ததும் மொழி வகுப்பு. மீன் மணத்தோடு போய் உட்காருவோம். ஆசிரியை யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பாடம் எடுப்பார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. அமெரிக்காவின் புல்வெளியில் குடியேறிய ஒரு நோர்வேக் குடும்பம். புல்லோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. அதன் முன்னால் தாடிக்காரர் ஒருவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள், ஒரு மாடு. மாடு மட்டும் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது.

"எங்கள் பூட்டன்மார் இப்படித்தான் போனார்கள். ஐந்து வருடம் அங்கேயே இருந்து உழுதால் நிலம் சொந்தம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது" என்றார் ஆசிரியை.

"இலவசமாகவா?" என்று இவர் எழுந்து நின்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

அந்த நிலத்தில் அதற்கு முன்பு யார் இருந்தார்கள் என்று பாடத்தில் இல்லை. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். காலி நிலம் என்று ஒருவர் சொன்னால், யாரைக் கிளப்பிவிட்டுக் காலியாக்கினீர்கள் என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். இவர் அதைக் கேட்கவில்லை. அடுத்த நாள் அந்தப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துவந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அது பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த மனைவியின் முகத்தைப் பார்ப்பேன். "அடுத்த வருசம் எல்லாம் சரியாகிவிடும்" என்று கணவன் சற்று முன்புதான் சொல்லி முடித்திருக்க வேண்டும். அப்படி ஒரு முகம்.

ஐரோப்பாவில் யூரோ நாணயம் வந்து இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். மீனை உறைய வைத்துக் கப்பலில் ஏற்றி வேறு நாட்டில் வெட்டிக்கொண்டுவருவது லாபமாம். வேலை போன மற்றவர்கள் ஒஸ்லோவுக்குப் போய் டாக்ஸி ஓட்டினார்கள். இவர் இன்டர்நெட்டில் ஜேர்மனியின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டைக் கண்டுபிடித்தார். பேர்லினுக்கு வடக்கே, ஒரு களஞ்சியத்தோடும் ஐந்து ஏக்கர் நிலத்தோடும், ஒரு நல்ல காரின் விலைக்கு விற்பனையில் இருந்தது. அந்த விலையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

"இஞ்சேர், இதைப் பாரும். தட்டையான நிலம். ஒரு மலை இல்லை. ஒரு கல்லு இல்லை" என்றார்.

"ஆக்களும் இல்லைப் போலகிடக்கு."

"அதுதானே வசதி. நோர்வேக்காரர் அண்டைக்கு நிலம் தேடிப் போனவை. நாங்களும் நோர்வேக்காரர்தானே? பாஸ்போட்டைப் பாரும்."

"பாஸ்போட்டைப் பாத்தா சரி. ஆளைப் பாத்தா அந்தப் படத்திலை நிக்கிற மாடும் சிரிக்குமப்பா."

"உமக்கு எல்லாம் பகிடி. எங்கடை ரத்தத்திலை விவசாயம் இருக்கு."

ரத்தம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவருடைய தகப்பனார் யாழ்ப்பாண நகரத்தில் ரேடியோ திருத்தியவர். என் தகப்பனார் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். எங்கள் இரண்டு குடும்பத்திலும் மண்வெட்டி பிடித்தவர் என்று யாருமே இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு வந்து சில வருடம் போனால் எல்லோருக்கும் பின்னால் ஒரு பெரிய தோட்டமும் நாலு சோடி மாடும் தானாக முளைத்துவிடும். இவருக்கும் முளைத்திருந்தது.

நாங்கள் போய் இறங்கிய நாளில் வீட்டின் முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஊர்த் தலைவர், தீயணைப்புப் படைத் தலைவர், சில வயதான பெண்கள். ஒரு கம்பில் நோர்வேக் கொடி. புது வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுப்பதற்காக ஊர்த் தலைவர் கையில் பாணும் உப்பும் வைத்திருந்தார். வீடு விற்ற தரகர் அவர்களிடம் "நோர்வேக் குடும்பம் வருகிறது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பொய் சொன்னார் என்று அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

எங்கள் வான் வண்டியிலிருந்து இவர் இறங்கினார். நான் இறங்கினேன். பன்னிரண்டு வயது மகள் இறங்கினாள். ஊர்த் தலைவர் எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, எங்களுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். பிறகு வானுக்குள் எட்டிப் பார்த்தார். நாங்கள் சாமான் ஏற்றி இறக்க வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அந்தக் குடும்பம் பின்னால் வருகிறதா?" என்று கேட்டார்.

இவர் வழி முழுவதும் பாடமாக்கி வந்த ஜேர்மன் வசனத்தை நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "நாங்கள்தான் அந்த நோர்வேக்காரர்."

யாரும் அசையவில்லை. கொடி மட்டும் ஆடியது. பிறகு பக்கத்து வீட்டு வேலியில் சாய்ந்து நின்ற ஒரு கிழவி சத்தமாகச் சிரித்தாள். ஆண்களின் நீலத் தொழிற்சாலை மேலங்கியும் ரப்பர் சப்பாத்தும் போட்டிருந்தாள்.

"அங்கே இந்த வருடம் கோடை நன்றாக இருந்திருக்கும் போல" என்றாள்.

அந்த ஊரில் எனக்குப் பிடித்த முதல் ஆள் அவள்தான்.

ஊர்த் தலைவரின் முகம் மகளைப் பார்த்ததும்தான் கொஞ்சம் தெளிந்தது. அது ஏன் என்று பிறகு தெரிந்தது. பள்ளிக்கூட பஸ் அந்த ஊரில் நிற்க வேண்டுமென்றால் இத்தனை பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. அதற்கு ஒரு பிள்ளை குறைந்தது. எந்த நிறத்தில் என்று விதியில் எழுதவில்லை.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. சொன்னால் இவர் இப்போதும் கோபிப்பார். கூரையில் நான்கு இடத்தில் வானம் தெரிந்தது. கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அலுமாரியில் முந்திய வீட்டுக்காரரின் குளிர் மேலங்கிகள் அப்படியே தொங்கின. பேர்லின் சுவர் விழுந்த பிறகு வேலை தேடி மேற்குக்குப் போனவர்கள் எடுக்க வரவேயில்லை. முதல் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. அந்த மேலங்கிகளைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் குந்தியிருந்தோம். வட துருவத்துக்குப் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தும் எனக்கு அப்படிக் குளிர்ந்ததில்லை. அங்கே குளிர் வெளியில் மட்டும்தான் இருந்தது.

மண் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். கல் இல்லை என்று இவர் சொன்னது உண்மை. மண்ணும் இல்லை. வெறும் மணல். பக்கத்து வீட்டுக்காரி நாற்பது வருடம் அங்கிருந்த கூட்டுப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவள். அவள் வேலிக்கு மேலால் எங்கள் வயலைக் காட்டி, "அதில் நாங்கள் உரத்தைப் போட்டோம். காற்று அறுவடை செய்தது" என்றாள்.

இவர் மனம் தளரவில்லை. மிளகாய், கத்தரி, வெண்டி, பாவல் என்று யாழ்ப்பாணச் சந்தையையே அங்கே நட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பேர்லினில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன, எல்லாம் விமானத்தில்தான் வருகிறது, நான் காரில் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்பது திட்டம். விவசாயக் கந்தோரில் கொடுக்க வேண்டிய அன்ராக்கில், அதுதான் விண்ணப்பப் படிவத்தில், பயிர்களுக்கு ஒவ்வொரு இலக்கம் இருந்தது. வெண்டிக்கு இலக்கம் இல்லை. அங்கிருந்த அலுவலர் நீண்ட நேரம் பட்டியலைப் புரட்டிவிட்டு, வெண்டியை அலங்காரச் செடி என்று பதிந்துகொண்டார். அந்த வருடம் எங்கள் வெண்டி எப்படி வளர்ந்தது என்று பார்த்தபோது அவர் சொன்னது சரிதான் என்று பட்டது. காய்க்கவில்லை. பார்க்க அழகாக இருந்தது.

மிளகாய்க் கதை வேறு. ஏப்ரல் கடைசியில் நல்ல வெயில் அடித்தது. வீட்டுக்குள் யன்னல் ஓரமெல்லாம் வளர்த்த நாற்றுகளை இவர் வெளியே நடத் தொடங்கினார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு வந்தாள்.

"பனிப் புனிதர்கள் போகட்டும்" என்றாள்.

மே நடுப்பகுதியில் வரும் நான்கைந்து நாட்களுக்கு அங்கே அப்படிப் பெயர். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர். அவர்கள் போகும் வரை யாரும் வெளியே ஒரு செடியும் வைக்கமாட்டார்கள்.

இவர் என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார். "அது வேதக்காரருக்கு. நாங்கள் சைவக்காரர். எங்களை அவை ஒண்டும் செய்ய ஏலாது."

மே பதின்மூன்றோ பதினான்கோ காலையில் எழுந்து பார்த்தோம். நானூறு மிளகாய்ச் செடிகளும் அவித்த கீரைபோலப் படுத்திருந்தன. புனிதர்கள் சமயம் பார்க்கவில்லை. இவர் வரப்பில் நின்று ஒவ்வொரு செடியாக நிமிர்த்திப் பார்த்தார். நான் சிரிக்கத்தான் வந்தேன். அவர் ஒரு செடிக்குக் குச்சி வைத்துக் கட்டுவதைப் பார்த்ததும் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஊரில் எங்கள் பெயர் நோர்வேக்காரர் என்றே நிலைத்துவிட்டது. முதலில் பகிடியாகச் சொன்னார்கள், பிறகு வசதிக்காக. எங்களுடைய உண்மையான குடும்பப் பெயரைச் சொல்லப் பழகுவதைவிட அது அவர்களுக்குச் சுலபம். மகளின் பள்ளிக்கூடத்தில் டிசம்பரில், நத்தாருக்கு முன், "நோர்வேயில் நத்தார்" என்று பேசச் சொன்னார்கள். அவள் வட நோர்வேக்காரரின் பேச்சில் ஒரு பாட்டும் பாடிக் காட்டிவிட்டு வந்தாள்.

"இந்த வீட்டிலை நான் மட்டும்தான் ஒறிஜினல் நோர்வேக்காரி. நீங்கள் ரெண்டு பேரும் டூப்பிளிக்கேற்" என்றாள் எங்களிடம். அவள் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அங்கேதான் பிறந்தவள்.

கோடையில் ஊர்த் திருவிழா வந்தது. தீயணைப்பு நிலையத்தின் முன்னால் மேசைகள் போட்டு, பியரும் பொரித்த சொசேஜும் விற்பார்கள். ஊர்த் தலைவர் வீட்டுக்கு வந்து, நோர்வே உணவு ஏதாவது செய்து தர முடியுமா என்று கேட்டார். நோர்வேயில் மீனை அரைத்து உருண்டையாகத் தட்டிப் பொரிப்பார்கள். அதில் உப்பைத் தவிர ஒரு சுவையும் இருக்காது. நான் எங்கள் மீன் கட்லட்டைச் செய்து, அந்த நோர்வேப் பெயரை ஒரு மட்டையில் எழுதி முன்னால் வைத்தேன். பச்சைமிளகாய் குறைக்கவில்லை. ஊர்த் தலைவர் முதல் ஆளாக ஒன்றை வாயில் போட்டார். முகம் சிவந்து, கண் கலங்கி, கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார்.

"அங்கே குளிர் அதிகம் என்பதால்தான் இவ்வளவு உறைப்பா?" என்றார்.

"ஆமாம். இல்லாவிட்டால் உயிர் தப்ப முடியாது" என்றேன்.

எல்லாம் விற்று முடிந்தது. அந்த ஊரில் இன்றைக்கும் நோர்வேச் சாப்பாடு உறைப்பு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களால் அந்த நாட்டுக்குச் செய்ய முடிந்த சேவை அது.

ஜேர்மனியில் உலகக் கிண்ணக் கால்பந்து நடந்த கோடையில் இவருடைய தமையனார் டோர்ட்மண்டிலிருந்து குடும்பத்தோடு பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் ஒரு பார்சல் கிடங்கில் போர்மன். இரண்டு வருடமாக இவர் அவருக்குத் தொலைபேசியில் விளைச்சல் விபரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து கேட்பேன். "ஓம் அண்ணை, கத்தரி நல்லாக் காய்க்குது. பிடுங்கி முடிக்க ஏலாமக் கிடக்கு." அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அண்ணை வருகிறார் என்றதும் வெள்ளிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பேர்லினில் நொய்கெல்ன் பகுதித் தமிழ்க் கடைக்குப் போய்விட்டார். கத்தரிக்காய், வெண்டிக்காய், பாவற்காய், பெட்டி பெட்டியாக. களஞ்சியத்தில் கூடைகளில் அவற்றைப் பரப்பி, மேலே கொஞ்சம் மணலும் தூவினார். பக்கத்து வீட்டுக்காரியிடம் ஐந்து ஆடுகளை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கி எங்கள் வயலில் விட்டார்.

"எதற்கு?" என்று அவள் கேட்டாளாம்.

"அண்ணன் வருகிறார்" என்றாராம். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் மேற்கில் சகோதரர்கள் இருந்தார்கள்.

தமையனார் காரின் இரண்டு பக்கமும் ஜேர்மன் கொடி பறக்க வந்து இறங்கினார். அவருடைய மனைவி இறங்கும்போதே வீடியோக் கமெராவில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். இவர் முன்னால் நடந்து வயலைக் காட்டினார், ஆடுகளைக் காட்டினார், களஞ்சியத்தைத் திறந்து விளைச்சலைக் காட்டினார். கையை எல்லாம் நன்றாக வீசினார். நான் பின்னால் தேத்தண்ணித் தட்டோடு போனேன். இவர் சொல்வதைக் கேட்கக் கேட்க எனக்கே ஒரு பண்ணை இருப்பது போலத் தோன்றியது.

தமையனார் ஒரு பாவற்காயைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, உங்கை பாவற்காய் லேபலோடையே காய்க்குதோ?"

மணல் தூவிய இவர் லேபல் உரிக்க மறந்துவிட்டார். கமெரா ஓடிக்கொண்டிருந்தது. இவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசில் கேட்டது. பால் கறக்கும் நேரம். ஐந்து ஆடுகளும் தலையை நிமிர்த்தி, எங்களைக் கடந்து, வேலி இடைவெளியால் வரிசையாகத் தங்கள் வீட்டுக்குப் போயின. அதையும் அந்த அம்மா வீடியோ எடுத்தார். பிறகு பாரிஸ், லண்டன், டொரண்டோ என்று எங்கள் உறவினர் எல்லோரும் அதைப் பார்த்ததாகக் கேள்வி.

அவர்கள் போன பிறகு இவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. நான் பாவற்காயைச் சமைத்துக்கொண்டிருந்தேன். பத்து நாளைக்குப் பாவற்காய்தான்.

உண்மையில் அந்த வருடம் ஒன்றே ஒன்று விளைந்திருந்தது. உருளைக்கிழங்கு. பக்கத்து வீட்டுக்காரி தன் விதைக்கிழங்கில் மிஞ்சியதை வசந்தத்தில் எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தாள். "அது எங்கடை சாப்பாடில்லை" என்று இவருக்கு அதில் ஆர்வமில்லை. வயலின் பின்பக்கம் நான்தான் நட்டேன். அதை அண்ணைக்குக் காட்டவும் இவர் வெட்கப்பட்டார். மண்ணுக்குள் இருப்பதை வீடியோ எடுக்க முடியாதுதானே.

செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் இவர் களஞ்சியக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். லேபல் கதையை மறக்கடிக்கப் புதுக் கூரையின் படத்தை டோர்ட்மண்டுக்கு அனுப்ப வேண்டுமாம். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். மா மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் முற்றத்தில் கிடந்தார்.

"இஞ்சேர், ஒண்டுமில்லை. எழும்புறன், எழும்புறன்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி வேலியைத் தாண்டி வந்து குனிந்து பார்த்தாள். "ஒன்றுமில்லை என்றால் கால் ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறது?" என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக்குப் போய் அம்புலன்சுக்குத் தொலைபேசி எடுத்தாள். அப்போதுதான் என் கையில் இன்னும் கத்தி இருப்பதைக் கண்டேன். அதைக் கீழே வைத்தேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு என் சேலைத் தலைப்பைத் தேடுவது போலத் துழாவினார். நான் சேலை கட்டி வருடக்கணக்காகியிருந்தது. நான் போட்டிருந்த முந்திய வீட்டுக்காரரின் மேலங்கி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆறு வாரம் ஆஸ்பத்திரி, பிறகும் மாதக்கணக்கில் ஊன்றுகோல். வயலில் கிழங்கு காத்திருந்தது. மழைக்கு முன் கிண்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தன்னுடைய டிராக்டரோடும் கிழங்கு கிளறும் ஒரு பழைய இயந்திரத்தோடும் வந்தாள். அவள் ஓட்ட, நானும் மகளும் குனிந்து பொறுக்கினோம். எட்டு நாள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு முதுகு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. மகள் பாடசாலை முடிந்து வந்து மூன்று மொழியிலும் திட்டிக்கொண்டே பொறுக்கினாள்.

ஒரு நாள் கவிழ்த்த வாளியில் குந்தியிருந்து பாண் சாப்பிடும்போது பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். "உங்கள் ஆட்கள் எல்லாம் விவசாயிகள் என்று உன் கணவர் சொன்னார்."

"என் அப்பா தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். கணவரின் அப்பா ரேடியோ திருத்தியவர்" என்றேன்.

அவள் பாணை மென்றுகொண்டே யோசித்தாள். "என் அப்பா பியானோ சுருதி சேர்ப்பவர். எங்கள் ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது. யுத்தம் முடிந்தபோது துரத்தினார்கள். ஒன்பது வயதில் ஒரு கைவண்டியோடு இங்கே வந்தேன். இங்கிருந்த நிலச்சுவான்தாரைக் கிளப்பிவிட்டு இந்த நிலத்தை எங்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். இலவசமாக. சில வருடம் கழித்துக் கூட்டுப் பண்ணைக்கு என்று திருப்பி எடுத்தார்கள்."

"அப்போ நீங்கள் இந்த ஊர்க்காரி இல்லையா?"

"ஊரில் கேட்டுப் பார். அறுபது வருடமாக நான் வந்தவள்தான்."

பிறகு எழுந்து மேலங்கியைத் தட்டிவிட்டு டிராக்டரில் ஏறினாள். அதைப் பற்றி இன்னும் கேட்க எனக்கு நிறைய இருந்தது. அவள் எஞ்சினை முடுக்கிவிட்டாள். அதற்கு மேல் யாராலும் கதைக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் இவரைப் பார்க்கப் போனால் பக்கத்துக் கட்டில்காரரிடம் பயிர்ச் சுழற்சி பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்.

"கிழங்கை நல்லாத் தண்ணியிலை கழுவி அடுக்கி வையும்" என்றார்.

கழுவினால் ஒரு மாதத்தில் அழுகும் என்று எனக்கு அப்போது தெரியும். "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்து மண்ணோடு அடுக்கினேன். எங்கள் திருமண வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த "ஓம்" என்ற சொல்லில்தான் நடந்திருக்கிறது. அந்தக் கிழங்கைச் சந்தையிலும் வீட்டு வாசலிலும் விற்றோம். ஊரார் நோர்வேக்காரரின் கிழங்கு என்று வாங்கினார்கள். அது பக்கத்து வீட்டு விதை என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்தது. வசந்தத்தில் நல்ல சப்பாத்துப் போட்ட ஒருவர் வந்தார். சோளத்திலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரு கம்பனிக்கு நிலம் குத்தகைக்குத் தருவீர்களா என்று கேட்டார். சுற்றியிருந்த வயலெல்லாம் ஏற்கனவே அவர்கள் கையில். இவர் ஊன்றுகோலோடு எழுந்து நின்று, "இது எங்கள் நிலம், நாங்கள் விவசாயிகள்" என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தார். அவர் மரியாதையாகக் கேட்டார். இவர் மருந்து குடிக்க உள்ளே போன நேரத்தில் நான் அவரிடம் பேனையை வாங்கினேன். இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும் என்றார். அதற்கு மூன்று நாள் பிடித்தது. இவர் அந்த மூன்று நாளும் சாப்பிட்டார், ஆனால் ருசியில்லை என்று காட்டிக்கொண்டு சாப்பிட்டார். பிறகு கையெழுத்து வைத்தார்.

கால் சரியானதும் பஸ் ஓட்டப் பயிற்சிக்குப் போனார். அந்தப் பிரதேசத்தில் சாரதிகளுக்குத் தட்டுப்பாடு. இளைஞர்கள் எல்லோரும் மேற்கே போய்விட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸே அவர் கைக்கு வந்தது. அந்த வேலைக்கென்றே பிறந்தவர் போல ஓட்டினார். ஒரு நாளும் பிந்தியதில்லை. பனியில் எல்லோரும் வழுக்கும்போது அவர் வழுக்கமாட்டார். வட நோர்வேயில் ஓட்டிப் பழகியவர். உண்மையிலேயே நோர்வேக்காரராக அவர் இருந்தது அது ஒன்றில்தான். சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும் எங்கள் வயலைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கியில், "இடது பக்கம் என்னுடைய பயிர்" என்று அறிவிப்பார் என்று மகள் சொன்னாள். அவள் தலையைக் குனிந்துகொள்வாளாம்.

பக்கத்து வீட்டுக்காரி அடுத்த வருடம் ஆடுகளை விற்றுவிட்டு ஹம்பேர்க்கில் மகளோடு இருக்கப் போனாள். போகும் நாளில் என்னிடம் அழுவாள் என்று நினைத்தேன். "அங்கே லிஃப்ட் இருக்கிறது" என்றாள். கிழங்கு கிளறும் இயந்திரத்தை மட்டும் எங்கள் களஞ்சியத்தில் விட்டுப்போனாள். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்டதற்கு, "துருப்பிடிக்க விடு" என்றாள்.

அதன் பிறகுதான் டோர்ட்மண்டிலிருந்து தொலைபேசி வந்தது. தமையனாரின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு காலியாகிறதாம். தமிழ்ப் பாடசாலை பக்கம், கோயில் பக்கம், கடை பக்கம். அங்கேயும் பஸ் ஓடுகிறது. இவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் உடனே பெட்டி கட்டுவேன் என்றுதான் நினைத்திருப்பார். அந்த ஊருக்கு வந்த நாள் முதல் அதைத் திட்டியவள் நான்தானே.

"ஏலாது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"என்னப்பா, உமக்கு இந்த ஊர் பிடிச்சுப் போச்சோ?"

அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரத் தொடங்கியது. அதை வளரவிட முடியாது.

"ஊரும் இல்லை, மண்ணும் இல்லை. அங்கை போனா கிழமைக்கொரு சாமத்தியவீடு, கிழமைக்கொரு பேத்டே பார்ட்டி. ஒவ்வொண்டுக்கும் புதுச்சேலை. ஒவ்வொண்டிலையும் உங்கடை அண்ணியின்ரை கமெரா. இஞ்சை நான் ரப்பர் சப்பாத்தோடை சந்தைக்குப் போனாலும் ஒருத்தரும் கேக்கினமில்லை."

இவர் பொத்திய கையை எடுத்துவிட்டு, "அண்ணை, பயிரை விட்டிட்டு உடனை வெளிக்கிட ஏலாமக் கிடக்கு" என்றார்.

நான் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்தேன். அன்று முதியோர் இல்லத்தில் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு சூப். மிளகுத் தூளைக் கொஞ்சம் கூடவே போட்டேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் மறுபடி கேட்டார்கள்.